ஆளுக்கு முக்கால் டம்ளர்

சின்னராஜுக்கு வீட்டில் சும்மா உட்காரத் தெரியாது. வருஷம் முச்சூடும் ரிக் வண்டியோடு வடக்கே ஆழ்துளைக் கிணறு போட்டுத் திரிகிற மனிதர். வண்டி எஃப்சி என்கிற தகுதிச் சான்றுக்காகத் திருச்செங்கோடு வந்ததால் முந்தாநாள்தான் வீடு திரும்பினார். வந்ததிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்கும் நடையாய் நடக்கிறார். நன்றாக இருந்த குக்கர் கைப்பிடியைக் கழற்றி மாட்டினார்.

மனசும் ஒரு நிலையில் இல்லை. ஐந்தாவது படிக்கும் மகள் இனியாவுக்குப் பின்னக் கணக்கு ஏறவே மாட்டேன் என்கிறது என்று டீச்சர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை வண்டி கிளம்புகிறது. பிள்ளையிடம் அதை இன்னும் சொல்லவில்லை. அதற்குள் இந்த ஒன்றையாவது சொல்லிக்கொடுத்துவிட வேண்டும். அப்பன் என்று வேறு என்னத்தைக் கிழித்தோம் என்று தன்மேலேயே அவருக்குக் கோபம்.

புத்தகத்தை விரித்தால் இனியா கொட்டாவி விட்டாள். அதனால் மனைவி சௌந்தர்யா மில்லுக்குப் போன சாயங்காலம் மகளை அடுப்படிக்குக் கூட்டிவந்தார். கால் டம்ளர் பருப்பை நாலு தடவை கொட்டி டம்ளர் நிறைந்ததும் அவள் சிரித்தாள். அவருக்குத் தெம்பு வந்தது.

"இப்பச் சொல்லு சாமி. ஆளுக்கு முக்கா டம்ளர் அரிசி. நம்மூட்டுக்கு எவ்வளவு போடோணும்?"

"ஒண்ணரைங்கப்பா." யோசிக்கவே இல்லை.

"தப்பு. நெதானமாப் பாரு."

விரல்விட்டுப் பார்த்தாள். "ஒண்ணரைதானுங்கப்பா."

அவருக்குப் பொறுமை போய்விட்டது. டம்ளரை ணங்கென்று வைத்தார். "இவ்வளவு சொல்லியும் மண்டைல ஏறலியா?"

இனியாவின் உதடு துடித்தது. "அம்மாவுக்கு முக்காலு, எனக்கு முக்காலு. ஒண்ணரைதானுங்களே? நெதமும் அவ்வளவுதான் போடுவோம்."

சின்னராஜுக்குச் சுருக்கென்றது. பிள்ளை கூட்டியதில் ஒரு தப்பும் இல்லை. வீட்டில் இருக்கிறவர்களைத்தான் கூட்டியிருக்கிறாள்.

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. "அட, நீங்க இருக்கறீங்கல்லோ! அப்ப ரெண்டே காலுங்கப்பா!"

"ஆமாஞ் சாமி. ரெண்டே கால்."

அரிசியில் கையை விட்டபடி அவள் கேட்டாள்: "ஏனுங்கப்பா, எத்தன நாளைக்கு ரெண்டே கால் போடோணும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வெள்ளிக்கெழம வரைக்குஞ் சாமி."

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. "சரிங்கப்பா" என்று தலையை ஆட்டிவிட்டு, அவர் பங்கு முக்கால் டம்ளரை விரலால் தட்டிச் சமன் செய்து, சிந்தாமல் பாத்திரத்தில் கொட்டினாள்.