அக்காவின் அட்டவணையில் சின்னம்மா

என் அக்கா பரீட்சையில் தோற்றதற்கு நான் எந்த வகையிலும் பொறுப்பில்லை. ஆனால் அந்த விடுமுறை முழுவதும் தண்டனை அனுபவித்தவள் நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது.

அக்கா ஈப்போவில் கணினி படித்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பாடத்தில் போய்விட்டது. மறுபடி எழுத வேண்டும். கணினியில் பெரிய அட்டவணை ஒன்று இருக்கும், சரியான கட்டளையில் கேட்டால் வேண்டியவர்களை மட்டும் பொறுக்கி, சொன்ன வரிசையில் அடுக்கி, சொன்ன அழகில் காட்டும், அவ்வளவுதான் பாடம் என்றாள். அவ்வளவுதான் என்றால் ஏன் தோற்றாய் என்று கேட்டு ஒரு குட்டு வாங்கினேன்.

புத்தகத்தில் இருந்த பெயர்களெல்லாம் முன்பின் தெரியாதவர்களுடையவை, மண்டையில் ஏறவில்லையாம். அதனால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் இருந்தவர்களையே அட்டவணையாக்கிப் பழகப்போவதாகச் சொன்னாள். கோயில் செயலாளராக இருந்த அப்பாவுக்கு இது காதில் விழுந்தது.

"அப்படியே திருவிளக்குப் பூசைக்கு சுமங்கலிங்க பேரு மட்டும் தனியா எடுத்துக் குடும்மா. போர்டுல ஒட்டிரலாம்."

பழகுவது அக்கா, பெயர் வாங்குபவர் அப்பா, மழையில் வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். பெயர், ஆணா பெண்ணா, வயது, வீட்டு எண், பெண்களுக்குக் கணவர் பெயர். "புருஷன் இல்லாதவங்களுக்கு அந்தக் கட்டத்த காலியா விட்ரு" என்று அக்கா சொல்லியனுப்பியிருந்தாள். ஆனால் புருஷன் இருந்தவர்கள் வாயைத் திறந்தால்தானே! ஒருத்தி நாள்காட்டியில் இருந்த முருகனைக் காட்டினாள். இன்னொருத்தி, "ராமருக்குத் தம்பி, போய் எழுதிக்க" என்று சிரித்தாள். எந்தத் தம்பி என்று கேட்டேன், அதற்கும் சிரித்தாள். கடைசியில் பக்கத்து வீடுகளில் கேட்டுத்தான் அந்தக் கட்டங்களை நிரப்பினேன்.

கீழ்லயத்தின் கடைசி வீடு சின்னம்மாவுடையது. என் அம்மாவின் தங்கை. சித்தப்பா சிங்கப்பூரில் வேலை செய்தார். லீவு கிடைக்காததால் மூன்று வருஷமாக வரவில்லை என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். சின்னம்மா துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"சித்தப்பா பேரு என்னா சின்னம்மா?"

"உனக்குத் தெரியாதா?"

"எனக்குச் சித்தப்பான்னுதான்லா தெரியும்."

கையிலிருந்த துணியை இன்னும் கொஞ்சம் முறுக்கினாள். சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. "எழுதாம விடு" என்றாள். எனக்கு நனைந்த கால் விறைத்துக்கொண்டிருந்தது. விட்டேன்.

எல்லாவற்றையும் தட்டச்சு செய்ததும் நான்தான். அக்கா முதல் கட்டளையைக் கொடுத்தபோது பதினோரு பெண்கள்தான் வந்தார்கள்.

"இந்தத் தோட்டத்துல மொத்தமே பதினோரு பொம்பளைங்களாடி?"

'பெண்' என்பதை நான் மூன்று விதமாக அடித்திருந்தேனாம். கண்ணிருக்கும் மனிதருக்கு மூன்றும் ஒன்றுதான். அந்தக் கணினிக்குத்தான் புரியவில்லை. திருத்தினோம். அடுத்ததில் வயதும் சேர்ந்து வந்தது. அதை ஒட்டினால் லயத்தில் நடமாட முடியாது என்று அப்பா அலறினார். எடுத்தோம். பெயருக்கு முன்னால் 'திருமதி' சேர்த்தோம். அகர வரிசையில் அடுக்கியதில் கங்காணி வீட்டு அம்மா கடைசிக்குப் போனார். அவர் வீடுதான் முதல் எண் என்பதால் வீட்டு எண் வரிசைக்கு மாற்றினோம். மூன்று நாள் இந்தக் கூத்து. கடைசியில் அப்பா மோட்டார் சைக்கிளில் ரிங்லெட் டவுனுக்குப் போய் அச்செடுத்து வந்து கோயில் போர்டில் ஒட்டினார்.

மறுநாள் மத்தியானம் அம்மா கொழுந்துக் கூடையைக்கூட இறக்காமல் வீட்டுக்குள் வந்தாள்.

"என் தங்கச்சி பேரு எங்கடி?"

அக்கா கணினியைத் திறந்து பார்த்தாள். "புருஷன் பேரு இருக்கிறவங்களை மட்டும் எடுன்னுதான்மா கேட்டேன். சின்னம்மாவுக்குக் கட்டம் காலியா இருக்கு."

அம்மா, அக்கா, அப்பா மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். அவங்கதான் எழுத வேணாம்னாங்க என்று நான் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. "ஊரே பார்த்துருச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு சித்தப்பாவின் பெயரைச் சத்தமாகச் சொன்னாள், அக்கா அடித்தாள், அப்பா மோட்டார் சாவியை எடுத்தார். வேறு பட்டியல் ஒட்டப்போவதாகச் சின்னம்மாவிடம் சொல்லிவரச் சொல்லி என்னைத் துரத்தினார்கள். மறுபடியும் மழை, மறுபடியும் நான்.

சின்னம்மா அடுப்படியில் இருந்தாள். நான் ஒப்பித்ததைக் கடைசிவரை கேட்டாள்.

"நானும் பார்த்தேன். லிஸ்ட் சரியாத்தான் இருக்கு" என்றாள். "மாத்த வேணாம்னு உங்கம்மாகிட்ட சொல்லிரு."

ஈரத்தலையைத் துண்டால் துவட்டிவிட்டு, இரண்டு பிஸ்கட்டும் கொடுத்தாள்.

என் மேல் தவறில்லை என்று சாட்சியே கிடைத்துவிட்டது. ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடி வாசலிலிருந்தே கூவினேன்: "லிஸ்ட் சரியாம்! மாத்த வேணாமாம்! சின்னம்மாவே சொல்லிட்டாங்க!"

அக்கா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள். அப்பா சாவியை ஆணியில் மாட்டினார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினாள்.

எனக்கு எரிச்சலாக வந்தது. எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் இந்த வீட்டில் ஏன் ஒருவருக்கும் சந்தோஷம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே, மிச்சமிருந்த பிஸ்கட்டை யாருக்கும் கொடுக்காமல் நானே தின்றேன்.