நின்ன எடத்துல ஓடின வேன்

வேன் ஓட்டத் தெரியுமான்னு கேட்டா, தெரியும்னு சொல்லுவேன். லைசென்ஸ் கீது. ஒரகடம் கூட்டு ரோட்டுல காலை நேரத்துக் கூட்டத்துல, லாரிக்காரன் மூஞ்சியப் பாத்துகினே திருப்பிக் காட்டுவேன். ஆனா நிக்க வச்சு ஓட்டத் தெரியுமான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. எனக்கு அதுவும் தெரியும்.

எங்க வூட்டுக்காரரு கம்பெனி ஆளுங்கள ஷிஃப்ட்டுக்கு ஏத்திகினு போய் எறக்குற வேன் வச்சிருந்தாரு. அவரு போய்ச் சேந்ததுக்கப்புறம் கொஞ்ச நாள் நானே ஓட்டுனேன். அப்புறம் கம்பெனிக்காரங்க பெரிய பஸ்ஸுக்கு மாறிட்டாங்க, வேன் வாசல்லயே நின்னுபோச்சு. பையன் ஓசூர்ல வேலையில கீறான். போன எடுத்தா ஒரே பாட்டு: "அந்தக் கழனிய வித்துட்டு இங்க வந்துடும்மா." எனக்குன்னு ஒரு ரூம் கூட ஒதுக்கி வச்சிருக்கான். போய்ப் பாத்துட்டும் வந்தேன். பேத்தியோட ஒடஞ்ச சைக்கிளும் வாஷிங் மெஷினும் இருக்குற ரூமு. அதுக்கு நடுவுல ஒரு கட்டில். கட்டில் மேல புதுப் பெட்ஷீட் போட்டிருந்தா மருமக, அவளக் குறை சொல்லக் கூடாது.

கழனின்னா பெரிய பண்ணைன்னு நெனச்சுக்காதீங்க. வல்லம் வடகால் பக்கத்துல, ஒரு காணி கூடத் தேறாது. மூணு பக்கம் கம்பெனி காம்பவுண்டு சுவரு. மிச்ச ஒரு பக்கத்துல வரப்பு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவங்க அந்த வரப்பு மேலதான் குறுக்கால நடந்து வாடகை ரூமுக்குப் போவாங்க. நவரைப் பட்டத்துக்கு நானே நாத்து வுட்டு நட்டேன். கொழுந்தனாரு சிரிச்சாரு. பையன் போன்ல கத்துனான். எனக்கு ரோசம் பொத்துகினு வந்துச்சு. "இந்த ஒரு போகம் பாக்குறேன்டா. பதராப் போச்சுன்னா நீ காட்டுற எடத்துல கையெழுத்தப் போட்டுட்டு உன் வாஷிங் மெஷின் பக்கத்துல வந்து படுத்துக்குறேன், போதுமா"ன்னுட்டேன். என் வாய்தான் எனக்கு மொத எதிரி. ஆனா சொன்னா சொன்னதுதான், மாத்திப் பேசுற பழக்கம் கெடையாது.

பயிரு நல்லாத்தான் வந்துச்சு. கதிர் வெளிய வந்து பால் புடிக்குற நேரம். அந்த நேரத்துல தண்ணி இல்லாமப் போனா உள்ள அரிசி இருக்காது, வெறும் உமிதான். அப்பப் பாத்துதான் கரண்டு போச்சு, கெணத்து மோட்டாரு நின்னுபோச்சு. பக்கத்துக் கழனிய வாங்குனவங்க மண்ணு கொட்டி மேடு பண்ணும்போது கம்பத்தப் பேத்து, கம்பியச் சுருட்டி ஓரமாப் போட்டுட்டாங்க. "மாத்திக் குடுத்துருவாங்கம்மா"ன்னு பாக்குறவனெல்லாம் சொன்னான். யாரு குடுப்பாங்க, எப்போ குடுப்பாங்கன்னு கேட்டா ஆளாளுக்கு இன்னொருத்தனக் கை காட்டுனான். ஆயில் இன்ஜின் வாடகைக்குக் கெடைக்குமான்னு பென்னலூர் வரைக்கும் போய்க் கேட்டேன். இருந்ததெல்லாம் கம்பெனி கட்டுற எடத்துல கடக்கால் குழித் தண்ணிய இறைக்கப் போயிடுச்சாம். அடப் பாவிங்களா, வேணாத தண்ணிய இறைக்க இன்ஜின் கீது, வேணுங்குற தண்ணிக்கு இல்ல.

அப்போதான் வாசல்ல நின்ன வேனப் பாத்தேன்.

இது நான் கண்டுபுடிச்சது இல்ல. முன்ன ஒரு புயலுக்கு ஊரு பூரா கரண்டு இல்லாமக் கெடந்தப்போ எங்க வூட்டுக்காரரு செஞ்சாரு. வேனக் கெணத்தோரமா நிறுத்தணும். பின்சக்கரம் ஒண்ண ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரக் கழட்டிட்டு வெறும் ரிம்ம மட்டும் மாட்டணும். மத்த சக்கரத்துக்கெல்லாம் கல்லு வச்சு அடைக்கணும். கெணத்தாண்ட சும்மா கெடக்குற பழைய பம்பையும் அந்த ரிம்மையும் சேத்து நீளமா ஒரு பெல்ட் போடணும். கியரப் போட்டா, தரையில கீற சக்கரம் அசையாது, தூக்குன சக்கரம் மட்டும் சுத்தும். பம்பு தண்ணிய இறைக்கும். வேன் பாட்டுக்கு எங்கயும் போகாம ஓடிகினு இருக்கும்.

ஆனா அது ரெண்டு ஆளு வேலை. ஒருத்தர் சீட்டுல உக்காந்து கிளட்ச்ச மெதுவா வுடணும். இன்னொருத்தர் பெல்ட்டாண்ட நின்னு, அது ஓரமா ஒதுங்குனா கழியால தட்டி நடுவுல கொண்டாரணும். அப்போ நான் சீட்டுல, அவரு பெல்ட்டாண்ட. "மெதுவா வுடுடி"ன்னு அவரு கத்த, "மெதுவாத்தான்யா வுடுறேன், கண்ணு தெரியலியா"ன்னு நான் கத்த, சண்ட போட்டுகினே மொத்தக் கழனிக்கும் பாச்சிட்டோம். இப்போ ஒத்தையா ஜாக்கியத் திருகும்போது எனக்கு அழுகை வரல. அந்த மனுசன் மேல கோவந்தான் வந்துச்சு. இப்படியா பாதியில வுட்டுட்டுப் போவாங்க?

ஊர்ல ஆளா இல்ல? எறும்பு மாதிரி கீறாங்க. தெருவுக்குத் தெரு லைன் ரூமு, ரூமுக்குள்ள தெக்கத்திப் புள்ளைங்க. ஆனா ஒருத்தர் ஷிஃப்ட்டுல கீறாரு, இல்லன்னா ஷிஃப்ட் முடிச்சுத் தூங்குறாரு, இல்லன்னா ஓவர்டைம் பாத்துகினு கீறாரு. தூங்குறவங்களத் தட்டி எழுப்ப மனசு வருமா? கொழுந்தனாரு ஒரு கம்பெனியில செக்யூரிட்டி. பல்ல வெளக்கிகினே, "அண்ணி, எனக்கு டியூட்டிக்கு நேரமாச்சு, இந்தப் பேஜாரெல்லாம் உங்களுக்கு இன்னாத்துக்கு"ன்னாரு. சரி சாமி, நீ போய் கேட்டத் தொற, நான் என் மடையத் தொறக்குறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

விடிஞ்சும் விடியாம ஆரம்பிச்சேன். பம்புல தண்ணி ஊத்தி ரொப்புனேன். வேன ஸ்டார்ட் பண்ணி, கியரப் போட்டு, கிளட்ச்ச மெதுவா வுட்டேன். சக்கரம் சுத்துச்சு. ஆக்சிலேட்டரு மேல ஒரு செங்கல்ல வச்சுட்டு, எறங்கிச் சுத்தி ஓடி பெல்ட்டாண்ட வர்றதுக்குள்ள அது துள்ளிக் கழண்டு சேத்துல வுழுந்து கெடந்துச்சு. மறுபடியும் ஆஃப் பண்ணி, மாட்டி, ஏறி, வுட்டு, ஓடி வந்தேன். மறுபடியும் சேத்துல. காலி வண்டி கிடுகிடுன்னு ஆடுது. அது ஆட ஆட பெல்ட்டு தளருது, தளந்தா துள்ளுது. எத்தினி தடவைன்னு எனக்கே தெரியாது. பம்பு ரெண்டு வாய் தண்ணியக் கக்கும், நின்னுடும். கடைசியில அந்த பெல்ட்ட எடுத்துத் தரையில ஓங்கி அடிச்சேன். சோமாரி, பேமானின்னு வாய்க்கு வந்தபடி திட்டுனேன். பெல்ட்டுக்கு இன்னா ரோசமா? எனக்குத்தான் மூச்சு வாங்குச்சு. வரப்புல உக்காந்து ஒரு பாட்டம் அழுதேன். யாரும் பாக்கல, அதனால நல்லா சத்தமாவே அழுதேன்.

மூக்கச் சிந்திட்டு எழுந்து இன்னொரு தடவ மாட்டுனேன். ஏறி, கிளட்ச்ச வுட்டு, செங்கல்ல வச்சுட்டு ஓடியாந்து கழியப் புடிச்சேன். பெல்ட்டு ஓரமா ஒதுங்குச்சு, தட்டுனேன். மறுபடியும் ஒதுங்குச்சு, தட்டுனேன். இப்போ வுழப் போவுதுன்னு பாத்துகினே இருக்கேன், திடீர்னு வண்டி லேசா ஒரு அழுத்து அழுந்துன மாதிரி ஆச்சு. ஆட்டம் கொறஞ்சுது. பெல்ட்டு நடுவுல போய் உக்காந்துச்சு. பம்புல இருந்து தண்ணி கொழா நெறைய வந்து வுழுந்துச்சு. எனக்கு நம்பவே முடியல. "அப்படி வா வழிக்கு"ன்னு கத்திட்டு, மண்வெட்டியத் தூக்கிகினு மடைய வெட்டி வுட ஓடுனேன். கழனிய சின்னச் சின்னத் துண்டா வரப்பு போட்டுப் பிரிச்சிருந்தேன். ஒரு துண்டு ரொம்புனதும் அடச்சுட்டு அடுத்தத வெட்டி வுடணும்.

மொதத் துண்டு ரொம்புனதும், இன்ஜின் சூடாயிருக்குமேன்னு ரேடியேட்டருக்கு ஈரச் சாக்கு போட வேன்கிட்ட வந்தேன். வந்தவ அப்படியே நின்னுட்டேன். உள்ள ஒரு பொம்பள உக்காந்துகினு தூங்குறா.

பின்னால சீட்டுல, தூக்குன சக்கரத்துக்கு நேரா மேல. முப்பது முப்பத்தஞ்சு வயசு இருக்கும். கழுத்துல ஐடி கார்டு, தலையில கம்பெனித் தொப்பி. பூட்ஸக் கழட்டி சீட்டுக்கு அடியில அழகா ஜோடியா வச்சிருக்கா. ஜன்னல் கம்பியில தலைய சாச்சு, வாய லேசாத் தொறந்து, அப்படி ஒரு தூக்கம். எனக்கு வெளங்கிடுச்சு. நைட் ஷிஃப்ட் முடிச்சு வரப்பு மேல தூக்கத்துலயே நடந்து வந்து, நான் பெல்ட்டையே பாத்துகினு நின்னப்போ அந்தப் பக்கத்துக் கதவு வழியா ஏறியிருக்கா. இன்ஜின் ஓடிகினு, கதவு தொறந்துகினு ஒரு வேன் நின்னா இந்தப் பக்கத்து ஆளுங்களுக்கு அதுக்கு ஒரே அர்த்தந்தான்: ஏறி உக்காரு, தூங்கு. எந்த வேன், எங்க போவுதுன்னு மூளை கேக்குறதுக்குள்ள காலு ஏறிடும். நானே எத்தினி பேர அப்படி ஏத்திகினு போயிருக்கேன். வண்டி ஆடுனாத்தான் அவங்களுக்குத் தூக்கமே வரும்.

"யாரும்மா நீ, எறங்கு"ன்னு சொல்ல வாயத் தொறந்தவ, பெல்ட்டத் திரும்பிப் பாத்தேன். நடுவுல கம்முன்னு சுத்திகினு கீது. இவ ஏறுனப்புறந்தான் அது கழலாம நின்னுச்சு. அப்புறம் மண்ணூர் மெக்கானிக்கு கிட்ட இதச் சொன்னப்போ, "ஒரு ஆளு ஏறுனதுக்கா நின்னுச்சு, கத வுடாதீங்க"ன்னு சிரிச்சாரு. அவரு சிரிக்கட்டும். எனக்குத் தெரியும். வாய மூடிகினு பூனை மாதிரி நகந்து வந்துட்டேன்.

அதுக்கப்புறம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒவ்வொரு துண்டும் ரொம்புனதும் ஓடியாந்து ஜன்னல்ல எட்டிப் பாக்குறது, தூங்குறாளான்னு. வெயில் மூஞ்சியில பட்டா முழிச்சுக்கப் போறாளேன்னு என் தலையில கட்டியிருந்த துண்ட அவுத்து ஜன்னல்ல கட்டுனேன். புள்ளயத் தூளியில போட்டுட்டு வேலை பாத்தப்போ கூட இவ்ளோ பயந்ததில்ல. பாதிக்கு மேல பாஞ்சிருக்கும். அப்போ முழிச்சுட்டா.

"யக்கா, வண்டி ஏன் இன்னும் நிக்கி?"

"இது கம்பெனி வண்டி இல்லம்மா. தண்ணி இறைக்குறேன்."

வெளிய பாத்தா. கெணறு, பெல்ட்டு, நெல்லு. மூஞ்சி பேயறஞ்ச மாதிரி ஆயிடுச்சு. "ஐயையோ! வண்டி ஸ்டார்ட்ல நின்னுச்சா, காலு தன்னால ஏறிட்டு யக்கா. தப்பா நெனச்சுக்கிடாதீங்க"ன்னு பூட்ஸ எடுத்துகினு எழுந்தா.

"எறங்காத!"ன்னு நான் போட்ட சத்தத்துல அப்படியே பொத்துன்னு உக்காந்துட்டா. "நீ எறங்குனா பெல்ட்டு கழண்டுடும். காலையில இருந்து ஒத்தையா அல்லாடுறேன். இன்னும் கொஞ்ச துண்டுதான் பாக்கி. இருக்கியாம்மா?" அந்தக் கடைசி வார்த்தையக் கேக்குறதுக்கு எனக்கு நாக்கு கூசுச்சு. யார் கிட்டயும் கேட்டு ரொம்ப நாளாச்சு.

"நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் வாணாம். சும்மா உக்காரு."

உக்காந்தா. நான் மடைக்கும் வேனுக்கும் ஓடுற நேரத்துல ஜன்னல் வழியாப் பேசுனா. தென்காசிப் பக்கமாம். "இங்க நெல்லு கூடப் போடுதாவளா? தெனமும் இப்பிடித்தான் போறேன், கண்ணத் தொறந்து பாத்ததில்ல யக்கா"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு, ஆனா சிரிப்பும் வந்துச்சு. அவ ரூம்ல ஆறு பேராம். எல்லாருக்கும் வேற வேற ஷிஃப்ட். இவ முழிக்கும்போது அவளுக தூங்குவாளுக. "ஒருத்தி பேரு கூட எனக்குத் தெரியாது யக்கா. அவ போர்வை கலரு தெரியும்"ன்னா. அப்புறம் நான் சாப்டனான்னு கேட்டா. இல்லன்னேன். பையில இருந்து கம்பெனியில குடுத்த பன்ன எடுத்துப் பாதி பிச்சு நீட்டுனா. சேத்துக் கையோடயே வாங்கித் தின்னேன்.

வெயில் ஏறிடுச்சு. கடைசித் துண்டு கம்பெனி சுவரோரமா, வேன்ல இருந்து பாத்தா தெரியாது. "போய்ப் பாத்துட்டு வரேன், இரு"ன்னு சொல்லிட்டுப் போனேன். தண்ணி துண்டு முழுக்க ரொம்பி, வரப்பத் தாண்டி வழிஞ்சு, சுவருக்கு அடியில ஓடிகினு இருந்துச்சு. கதிரு ஒண்ணக் கிள்ளி நசுக்குனேன். வெள்ளையாப் பாலு வந்துச்சு. இந்தக் கழனி என்னுதுதான். எந்தக் கையெழுத்தும் போட வேண்டியதில்ல, எங்கயும் போய்ப் படுக்க வேண்டியதில்ல. ஜெயிச்சுட்டேன்டான்னு கத்தலாம் போல இருந்துச்சு. யாரப் பாத்துக் கத்துறது? அங்க அந்த சுவருதான் இருந்துச்சு.

வேன்கிட்டத் திரும்பி வந்தேன். அவ பூட்ஸ மாட்டிகினு, பைய மடியில வச்சுகினு, ரெடியா உக்காந்திருந்தா. கண்ணு ரெண்டும் செவசெவன்னு இருந்துச்சு.

"எல்லாத்துக்கும் பாஞ்சிட்டா யக்கா? நான் போவட்டுமா?"

"இன்னும் இல்லம்மா"ன்னேன். "இன்னும் கொஞ்சம் கீது. கொஞ்ச நேரம் உக்காரு."