பேரை வெட்டிய கம்ப்யூட்டர்

பிள்ளைகளா, போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். புத்தகத்தில் ‘வெட்டு’ என்று போட்டிருக்கிறதே, நம்ம வாசிகசாலைக் கம்ப்யூட்டரில் மட்டும் ஏன் ‘இடம் மாற்று’ என்று இருக்கிறது? “எந்த மடையன் மாத்தினான்?” என்றும் சேர்த்துக் கேட்டீர்கள். அந்த மடையன் நான்தான். வாயால் சொன்னால் நடுவில் சிரித்தே குழப்பிவிடுவீர்கள். அதனால் எழுதி வைக்கிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்தபோது நீங்கள் சின்னப் பிள்ளைகள். அவிசாவளைப் பக்கம் ஒரு கந்தோரில் கிளாக்கர்மார் பாவித்துக் கழித்துப்போட்டது. அதைத் திருத்திக் கொடுத்த கடைக்காரர், “வயசான மிஷினுக்கு லினக்ஸ்தான் தாங்கும், தமிழும் வரும்” என்று அதையே ஏற்றிக் கொடுத்தார். பால் ஸ்டோரில் ரப்பர் பாலை நிறுத்து எழுதுகிறவன், ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் கோட்டை விட்டவன், என் கையில் வாசிகசாலைச் சாவியைக் கொடுத்தார்கள். சாவி கையில் வந்ததும் எனக்கு அறிவும் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

தமிழ் வந்தது உண்மை. ஆனால் ‘சாளரம்’, ‘பண்புகள்’, ‘தொகு’ என்று வந்தது. பால் வெட்டுகிற ஒருவர் கண்ணைச் சுருக்கி வாசித்துவிட்டு, “கோயில்ல ஐயரு சொல்றாப்ல இருக்குங்க, கும்பிட்டுட்டுப் போயிடவா?” என்றார். அப்போதுதான் இதை எல்லாருக்கும் லேசாக்க வேண்டும் என்ற பைத்தியம் பிடித்தது.

திரையில் வருகிற சொற்கள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கும். ஒரு பக்கம் இங்கிலிஷ், மறு பக்கம் தமிழ். தமிழை மாற்றிச் சேமித்தால் திரையிலும் மாறிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாற்றத் தொடங்கினேன். ‘குப்பைத்தொட்டி’ குப்பைக்குழி ஆனது. ‘இல்லம்’ நம்ம காம்பரா ஆனது. முதலில் தெரிகிற ‘மேசைத்தளம்’ இருக்கிறதே, எல்லாம் ஒன்றாகக் கூடி நிற்கிற இடம், அதற்குப் பெரட்டுக்களம் என்று பெயர் வைத்துவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். அடுத்த நாளே பதில் வந்தது. “காலையில அந்தக் களத்துல நின்னுதான் வேலைக்குப் பேர் குடுத்து, ஏச்சும் வாங்கிட்டு வர்றோம். அந்திக்கும் அங்கயே போகச் சொல்றீங்களா?”

நான் அசரவில்லை. பழகிவிடும் என்றேன்.

அந்தக் கோப்பின் உச்சியில் மொழிபெயர்த்தவர் பெயருக்கென்று ஒரு வரி உண்டு. அதில் முதலெழுத்து, அப்பா பேர், என் பேர், தோட்டம், டிவிஷன் எல்லாம் அடித்தேன். உங்கள் அம்மாவைக் கூட்டிப்போய்க் காட்டினேன். “ஐடென்டிடி கார்டுலகூட இவ்வளவு நீளமா இல்லையேங்க” என்றார்.

மாற்றாமல் விட்டது ஒரே ஒரு சொல். ‘வெட்டு’. ரப்பர் தோட்டத்தில் அதைவிட லேசான சொல் எது? விடிந்தால் எல்லாரும் பால் வெட்டத்தானே போகிறார்கள்!

அந்த நேரத்தில் புள்ளக்காம்பராவுக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் கைப்பிள்ளைகளைப் பார்க்கிற இடத்துக்கு, தோட்டக் கந்தோரில் ஒரு ஆள் கேட்டிருந்தார்கள். விண்ணப்பத்தைத் தானே கம்ப்யூட்டரில் அடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை. கீழ் லயத்து வரிசை வீட்டு அக்காவுக்கு அந்த வேலை வேண்டும். முழங்கால் போய்விட்டது, சரிவில் ஏறி மரத்துக்கு மரம் போக முடியவில்லை. மழையில் பால் வெட்டு நின்ற நாட்களில் எல்லாம் வாசிகசாலைக்கு வந்து, ஒரு விரலால் குத்திக் குத்தித் தன் விண்ணப்பத்தை அடித்து முடித்தார். கோப்புக்குத் தன் பேரையே வைத்தார்.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. நான் ஸ்டோரில் இருப்பேன் என்பதால் ஒரு கார்ட்போர்ட் மட்டையில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தேன்: ‘உங்க பேருக்கு மேல வச்சு வலது பக்கம் அழுத்துங்க. பிரதி எடு என்பதை அழுத்துங்க. பென் டிரைவில் ஒட்டுங்க.’ அதைக் கொண்டுபோய் தெஹியோவிட்ட டவுன் கடையில் பிரின்ட் எடுத்துக் கந்தோரில் கொடுத்தால் முடிந்தது.

வேலை முடிந்து லயத்துக்கு ஏறி வருகிறேன், உங்கள் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஏங்க, எல்லாருக்கும் லேசாக்கப் போறேன்னீங்க. ஒங்க மிஷினு அக்கா பேரையே வெட்டிருச்சாமே?”

உங்களுக்குத் தெரியும், நம்மிடம் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்றுதான் பேர். பால் குறைந்தால் அரைப்பேர். ‘பேர வெட்டிட்டாங்க’ என்றால் அன்றைய நாள் போச்சு. கங்காணி சொல்லச் சொல்ல அதை எழுதுகிற கையே என் கைதான். தினமும் அந்தச் சொல்லைக் கேட்கிற காதும் என் காதுதான். இரண்டும் சேர்ந்து ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை.

ஓட்டமாக ஓடினேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“என்னக்கா நடந்துச்சு?”

“வாங்க தம்பி. ஒங்க மட்டையில ‘பிரதி எடு’ன்னு போட்டிருக்கு. பொட்டியில அப்படி ஒண்ணும் இல்ல. ‘இன்னொண்ணு எடு’ன்னு இருக்கு. எதை இன்னொண்ணு எடுக்கச் சொல்றீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

முதல் நாள்தான் அந்தச் சொல்லை மாற்றியிருந்தேன். மட்டையை மாற்ற மறந்துபோனேன்.

“அதுல எனக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்த ‘வெட்டு’. சரி, நமக்குத் தெரிஞ்ச தொழில்தானேன்னு அமுக்கினேன். எம் பேரு அப்படியே வெளிறிப்போச்சு தம்பி. கந்தோர்ல இருந்தே பேர வெட்டிட்டாங்கன்னு நெனச்சிட்டேன். பயத்துல வயரப் புடுங்கிட்டு வந்துட்டேன்.”

“அப்ப விண்ணப்பம்?”

“கையால எழுதிக் குடுத்தேன். கிளாக்கர் வாசிச்சாரு. அடிச்சதுதான் வேணும், ஹரி, ஹெட்ட கேன்னன்னு சிங்களத்துல சொன்னாரு, சரி நாளைக்குக் கொண்டாங்கன்னு. நாளைக்குப் பகல் வரைக்கும் டைம் இருக்கு. நான் ஒங்கள நம்பி ஒக்காந்திருக்கல.”

காப்பாற்ற ஓடியவன் நான். அவரோ தன்னைத் தானே பாதி காப்பாற்றிவிட்டு அரிசி களைகிறார்.

இரண்டு பேரும் வாசிகசாலைக்குப் போனோம். கரண்டைப் பிடுங்கியதால் திரை கறுப்பாகி, இங்கிலிஷ் எழுத்துகள் வரிசையாக ஓடின.  கோப்பு போயிருந்தால் அவருடைய விண்ணப்பம் போச்சு, அந்த வேலையும் போச்சு.

“என்ன தம்பி, எனக்குக் கருமாதிப் பத்திரிகை அடிக்குதா?” என்றார் அக்கா.

ஒருவழியாகப் பெரட்டுக்களம் வந்தது. அவர் பேர் அங்கேயே இருந்தது, வெளிறாமல். வெட்டிவிட்டு ஒட்டாமல் விட்டால் ஒன்றும் ஆகாது, இருந்த இடத்திலேயே இருக்கும் என்று விளக்கினேன்.

“அப்ப வெட்டி ஒட்டினா?”

“இங்க இருக்காது, அங்க இருக்கும்.”

“அது எடம் மாத்துறது தம்பி. நாத்த நர்சரியில இருந்து மலைக்கு மாத்துறாப்ல. அத எதுக்கு வெட்டுங்கிறீங்க?”

 இத்தனை சொற்களை மாற்றினேனே, ஒருவரிடமாவது ஒருநாள் கேட்டிருக்கிறேனா? எல்லாருக்கும் லேசு என்று நினைத்ததெல்லாம் எனக்கு லேசாக இருந்தது மட்டும்தான்.

அக்கா தன் கையாலேயே அதை பென் டிரைவில் எடுத்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் போய் பிரின்ட் எடுத்துப் பகலுக்கு முன்னமே கந்தோரில் கொடுத்தார். வேலை கிடைத்தது உங்களுக்கே தெரியும். புள்ளக்காம்பராவில் “அழக் கூடாது” என்று அழுகிற பிள்ளையைவிடச் சத்தமாகக் கத்துவது அவர்தான்.

அந்தச் சனிக்கிழமை பகல், அக்கா பஸ்ஸை விட்டிறங்கி, “குடுத்தாச்சு தம்பி!” என்று ரோட்டிலிருந்தே கத்திவிட்டுப் போன பிறகு, வாசிகசாலையில் நான் மட்டும் இருந்தேன். சொற்கோப்பைத் திறந்தேன். ‘வெட்டு’ இருந்த இடத்தில் ‘இடம் மாற்று’ என்று அடித்தேன். பெரட்டுக்களத்தை எடுத்துவிட்டு ‘மேசைத்தளம்’ என்று பழையபடியே போட்டேன். பிறகு உச்சிக்குப் போனேன். முதலெழுத்து, அப்பா பேர், என் பேர், தோட்டம், டிவிஷன். முழு வரியையும் தெரிவுசெய்து வெட்டினேன். கோப்பைப் போல இல்லை, எழுத்தை வெட்டினால் அப்போதே போய்விடும். எங்கேயும் ஒட்டவில்லை. சேமித்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.