முன்பக்கமாக வெளியே வந்த யானினா

யானினா ஹ்ரின்கேவிச்சின் விளையாட்டு வாழ்க்கை ஓர் அழுகிய உருளைக்கிழங்கில் தொடங்கியது. அறுவடைக்காகப் பள்ளிக்கூடமே வயலில் இறங்கியிருந்த ஒரு செப்டம்பரில், கேலி பேசிய டிராக்டர்காரன் மீது அதை வீசினாள். அவன் தொப்பி பறந்தது. அவளுக்கு வயது பதின்மூன்று. கண்டிக்க வேண்டிய விளையாட்டு ஆசிரியரோ காலடி வைத்துத் தூரத்தை அளந்துகொண்டிருந்தார்.

அடுத்த இருபத்தொரு வருடங்கள் வட்டு எறிந்தாள். பதினொரு முறை நான்காம் இடம். பரிசு மேடைக்கு மூன்று படிகள்தான் என்பது அவள் குற்றமல்ல. சம்பளக் காகிதத்தில் மட்டும் அவள் ஓர் உதிரிபாக ஆலையின் பயிற்றுநர்; ஆலைக்கு வழி கேட்டால் அவளுக்கே தெரியாது.

"தட்டு கழுவுற வயசுல தட்டு வீசிக்கிட்டுத் திரியிறா" என்பாள் அம்மா.

முப்பத்துநான்கில், கிரோட்னா நகர மைதானத்தில் கடைசி வாய்ப்பு. அறுபத்தொரு மீட்டரைத் தாண்டினால் ஐரோப்பியப் போட்டி, அவள் ஒருமுறைகூடப் போட்டிராத தேசியச் சட்டை. இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள்.

ஐந்தாவது வீச்சு. வட்டு கையை விட்டபோதே தெரிந்துவிட்டது. அறுபத்தொன்றின் கொடியைத் தாண்டி ஒரு முழம் அப்பால் விழுந்தது. பதினான்கு வயதிலிருந்து அவளைப் பார்த்துவரும், எறியும் வளையத்தின் நடுவர் ஆதாம் கசிமிராவிச், தான் நடுவர் என்பதையே மறந்தார். வளையத்தின் இரும்பு விளிம்புக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"அடி யானின்கா! போட்டுட்டியேடி!"

"ஐயோ, வாசப்படிக்கு மேல கை குடுக்காதீங்க ஆதாம் கசிமிராவிச், சண்டை வரும்!"

விளிம்பை வாசற்படியாகவே எண்ணி, அவள் ஊரார் எந்த வீட்டு வாசலிலும் செய்வதைப்போல ஓர் எட்டு வைத்து வெளியே வந்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

வந்தது முன்பக்கமாக. வளையத்தின் பின்பாதி வழியாக வெளியேறாவிட்டால் எறிந்தது செல்லாது. இருவருக்கும் அது மனப்பாடம். கிழவரின் முகம் வெளுத்தது.

"நான் பாக்கல" என்று முணுமுணுத்தார்.

"கையப் புடிச்சுக்கிட்டே பாக்கலையா? அந்த மேஜையில மூணு பேர் பாத்துட்டாங்க. கொடியத் தூக்குங்க."

சிவப்புக் கொடி மெல்ல எழுந்தது.

ஆறாவது வீச்சு அறுபது மீட்டர் எழுபது. இம்முறை பின்பக்கமாக, வெகு ஒழுங்காக வெளியேறினாள்.

தடகளச் சங்கத்து அதிகாரி ஒரு காகிதத்தோடு வந்தார். "நடுவர்தான் கை நீட்டிக் கூப்பிட்டாருன்னு எழுதுங்க. இன்னொரு வீச்சு தருவாங்க."

"அவருக்கு?"

"நடுவர் அட்டை போகும். எப்படியும் வயசாயிடுச்சு."

யானினா பேனாவை வாங்கினாள். தூரத்தில் ஆதாம் கசிமிராவிச் யாரையும் பார்க்காமல் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டியதையே அவிழ்த்து மறுபடி சுருட்டினார்.

"இத எழுதினா அவருக்கும் எனக்கும் சண்டைதான். அதுக்கு உள்ள நின்னே கை குடுத்திருப்பேனே!"

காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, காலணியைக் கழற்றக் குனிந்தாள். முடிச்சு இறுகியிருந்தது; அவிழக் கொஞ்ச நேரம் பிடித்தது.