குழாயடியில் ஒரு வாக்கியம்

பி.ஏ. படித்த நான், போர்ட் பிளேர் அரசுக் குடியிருப்பில் குடியேறியபோது, தவறான இந்தி பேசிச் சிரிப்புக்கு இடமாவதைவிட மௌனமே மேல் என்றிருந்தேன். பக்கத்து வீட்டு வங்காளி அதை அகந்தை என்று கருதினார். அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். என் மனைவிக்கு இந்தி கற்றுக்கொடுத்த ஒரே தோழி அவர்தான்.

"உங்க மரியாதைய நீங்க காப்பாத்துங்க. நான் சுவத்தோட பேசிக்கிறேன்," என்றாள் மனைவி.

தினமும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இந்தியில் ஒரு வாக்கியமாவது பேசுவதென்று உறுதிகொண்டேன். மறுநாள் காலை பொதுக்குழாயடியில், "தாதா, ஆஜ் பானி கம் ஹை," என்றேன். அண்ணா, இன்று தண்ணீர் குறைவு என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை.

"அரே வா! மதராசி பாபு வாயைத் திறந்துட்டார்!" என்று இந்தியில் கூவினார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் காதுகள் சுட்டன. பாதி நிறைந்த வாளியுடன் திரும்பிவிட நினைத்தேன்; ஆனாலும் நின்றேன்.

"கல் பீ போலூங்கா." நாளையும் பேசுவேன் என்றேன். அவர் தம் வாளியை நகர்த்தி எனக்கு இடம் விட்டார்.

மாலையில் அவர் மனைவி எங்கள் சமையலறைக்கு வந்தார். அவர் சென்றபின், நாளைக்கு என்ன பேசுவது என்று மனைவியிடம் கேட்டேன்.

"முதல்ல அவங்க வீட்டுக்காரர் பேரக் கேளுங்க. இத்தனை மாசமா அதுகூடக் கேக்கல."

எப்படிக் கேட்பது என்று அவள் சொல்லித்தர, நான் திருப்பிச் சொன்னேன். மனைவியிடம் பாடம் கேட்பதில் எனக்கு எந்த மரியாதைக் குறைவும் தோன்றவில்லை என்பதே எனக்கு வியப்பாக இருந்தது.