இடி நேரத்தில் இரும்பைத் தொடாதவர்

கொழும்பு வெள்ளவத்தையில் நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு இடி மின்னலைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற எஞ்சினியர். மாடியில் அவரும் மனைவியும், கீழே வாடகைக்கு நான். அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். வானம் ஒருமுறை உறுமினால் போதும், படியில் பாதிவரை இறங்கி நின்று தொடங்கிவிடுவார். தொலைபேசியை எடுக்காதே, குழாயைத் திறக்காதே, அன்ரனாவைக் கழற்று, இரும்பைத் தொடாதே. பின்மதிலோடு ஒட்டி ஓடிய கால்வாயைப் பற்றி மட்டும் வாய் திறந்ததில்லை. தண்ணீர் கீழ்வீட்டுக்காரனின் தலைவலி அல்லவா?

அந்தப் படிக்கட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தது. அது தொடங்கும் இடத்தில் ஓர் இரும்புக் கிரில் கதவு. ஆமியின் சுற்றிவளைப்பு, கள்ளர், கீழ்வீட்டுச் சனம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பூட்டு. திறப்பு எப்போதும் அவருடைய இடுப்பில் தொங்கும்.

யுத்த காலம். கனடாவிலிருந்த மகனிடம் போவதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து என் சின்னம்மா வந்திருந்தார். விசா கிடைக்கும்வரை என்னோடு. இடி முழங்கினால் அவர் ஓடிப்போய்ப் படிக்கட்டுக்குக் கீழே இருந்த பொந்துக்குள் குந்திவிடுவார். காதைப் பொத்தி, தலையை முழங்காலுக்குள் புதைத்து. ஷெல்லடிக்குப் பழகிய உடம்பு. பதிந்து கிட, எழும்பாதே, ஓடாதே. ஊரில் அவரைக் காப்பாற்றிய பாடம் அதுதான். அங்கிள் அதைப் பார்த்துச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பின்னேரம் கொள்ளுப்பிட்டியில் வேலை முடிந்து வந்துசேரும்போது மழை பொத்துக்கொண்டு ஊற்றியது. நான் தலையைத் துவட்டுவதற்குள் கால்வாய் மதிலைத் தாண்டிவிட்டது. முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். மெயின் சுவிட்சை நிறுத்தினேன். வெளியே ஒழுங்கையில் தண்ணீர் ஆளை இழுக்கும் வேகத்தில் ஓடியது. வடிகாண் மூடிகள் எங்கே திறந்து கிடக்கின்றன என்றும் தெரியாது. மேலே போவதுதான் ஒரே வழி. சின்னம்மாவோ அந்தப் பொந்துக்குள், நெஞ்சளவு தண்ணீரில் குந்தியிருந்தார்.

"இது இடி, சின்னம்மா. வெளியால வாங்கோ."

"இடியெண்டு எனக்கும் தெரியுமடா. கால்தான் சொல்லுக் கேக்குதில்லை."

கக்கத்தில் கைகொடுத்து இழுத்துக் கொண்டுவந்து கிரிலடியில் நிறுத்தினேன். படியின் நடுவில் அங்கிள் டோர்ச்சும் கையுமாக நின்றார்.

"அங்கிள், கிரிலைத் திறவுங்கோ."

"கொஞ்சம் பொறும் தம்பி. மின்னல் அடங்கட்டும். இடி நேரத்தில இரும்பைத் தொடக்கூடாது எண்டு எத்தினை தரம் சொன்னனான்."

மனிதர் விளையாடவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அதே இரும்பைப் பிடித்தபடி தொடையளவு தண்ணீரில் நிற்கிறோம். அவர் காய்ந்த படியில் நின்று விஞ்ஞானம் பேசுகிறார். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். இவருக்கு உபதேசமே ஒளிந்துகொள்ளும் இடமாக இருந்தது. பயந்தவனை மன்னிக்கலாம். தன் பயத்துக்குப் படிப்பைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவன்மேல் எனக்கு இன்றைக்கும் அருவருப்புத்தான்.

கடைசியில் அவருடைய மனைவிதான் இறங்கி வந்தார். புருசனின் இடுப்பிலிருந்து திறப்பை இழுத்தெடுத்து, மின்னல் வெட்ட வெட்டப் பூட்டைத் திறந்துவிட்டார்.

மேலே எங்களுக்குத் துவாயும் தேத்தண்ணியும் தந்தார். அடுத்த இடி விழுந்ததும் சின்னம்மா சாப்பாட்டு மேசைக்குக் கீழே போய்விட்டார். கதிரையில் சாய்ந்திருந்த அங்கிளுக்குப் பழைய சிரிப்புத் திரும்பிவிட்டது.

"இது கொழும்பு, தங்கச்சி. இஞ்ச ஷெல் விழாது."

சின்னம்மா மேசைக்குக் கீழிருந்தே அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஷெல் விழேக்க ஆரின்ர வீட்டுப் பங்கருக்குள்ளயும் ஓடிப்போய் இருந்தனாங்கள், ஐயா. ஒருத்தரும் பூட்டி வைச்சிருக்கேல்லை."