எக்ஸ்ரேக்கா வாங்கிய டார்ச்

பெரியம்மாவுக்கு வேலை செய்கிற இடத்தில் எக்ஸ்ரேக்கா என்று பெயர். கோழிக்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி அது. மெஷினுக்குள் ஒரு வாரம் சூட்டில் இருந்த முட்டைகள் தட்டுத் தட்டாக இருட்டறைக்கு வரும். கறுப்புத் திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு முட்டையின் அகன்ற முனையிலும் கைவிளக்கை ஒட்டவைத்து உள்ளே பார்க்க வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் கசியாமல் இருக்க விளக்கின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். சிவப்பு நரம்பு சிலந்திக்கால் மாதிரி பரவியிருந்தால் உயிர் இருக்கிறது, வலப்பக்கத் தட்டு. வெறும் மஞ்சளாக இருந்தாலும், கறுப்பு வளையம் கட்டியிருந்தாலும் இடப்பக்க வாளி. முட்டைக்கு ஒரு விநாடி. அழுகலைத் தவறவிட்டால் அது மெஷினுக்குள் வெடிக்கும். சுற்றியிருக்கிற நல்ல முட்டைகளும் அதோடு போகும்.

எப்போதாவது சூப்பர்வைசர் சோதனை வைப்பார். கெட்டதென்று தெரிந்த பத்து முட்டைகளை ஒரு தட்டில் கலந்து, சொல்லாமல் அனுப்புவார். பெரியம்மா ஒருமுறை பதினொன்றைத் திருப்பி அனுப்பினாள். "பத்து நீங்க வச்சது. பதினொன்னாவது உங்களுக்கே தெரியாம வந்தது" என்றாளாம். உடைத்துப் பார்த்தார்கள். நாறியது. பெயர் அன்றைக்கு வைத்ததுதான்.

ஹேச்சரிக்குப் பின்னால் ஊழியர்களுக்கான வரிசை வீடுகள். இரண்டு அறை, பின்பக்கம் சமையலறை, அதை ஒட்டிக் குளியலறை. என் அம்மா இறந்தபோது எனக்கு ஏழு வயது. அதிலிருந்து கல்லூரி முடிக்கும்வரை நான் அங்கேதான் வளர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான் என்றால், அதை வாங்கிக் கொடுத்தவை பெரியம்மாவின் இரண்டு கண்கள். வேலை இருக்கிறவரை அந்த வீடு. கண் இருக்கிறவரை அந்த வேலை. இது எங்கள் இருவருக்கும் தெரியும், பேசிக்கொண்டதில்லை.

நான் வேறு ஊரில் வேலைக்குப் போன இரண்டாம் வருடம் வீட்டில் திருடன் புகுந்தான். முதல் தடவை பகலில், பெரியம்மா ஷிப்டில் இருந்தபோது. பின்கதவின் தாழ்ப்பாளை நெம்பி, மிக்ஸியும் பழைய போனும் போயின. போலீஸ்காரர் வந்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனார். இரண்டாம் தடவை அவள் வீட்டில் இருந்தாள். சாயங்காலம் கரண்ட் போன நேரம், குளியலறையில் துணி அலசிக்கொண்டிருந்தாள். சமையலறையில் யாரோ டப்பாக்களைத் திறக்கும் சத்தம். குளியலறைக் கொண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவன் போகும்வரை நின்றாள். அரை மணி நேரமா, ஐந்து நிமிடமா என்று அவளுக்கே தெரியவில்லை.

போனில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒரு நல்ல டார்ச் வேணும்டி" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒரு விடுமுறை நாளில் போனேன். பின்கதவுக்குக் கனமான இரும்புத் தாழ்ப்பாள் போட ஆள் பிடித்தேன். பிறகு எலக்ட்ரிக்கல் கடை. நான் மூன்று நாள் இணையத்தில் படித்துவிட்டுப் போயிருந்தேன். பதற்றத்தில் இருப்பவர்களுக்கு யோசிக்க நேரம் இருக்காது, அதனால் ஒரே அழுத்தலில் முழு வெளிச்சமும் வர வேண்டும். பொத்தான் ஈரக்கைக்கும் தட்டுப்பட வேண்டும். தினமும் வீட்டில் புழங்குவதற்கு மெல்லிய வெளிச்சம் ஒன்றும் வேண்டும், இல்லாவிட்டால் அவசரத்துக்கென்று எங்கேயோ வைத்து அவசரத்தில் கிடைக்காது. போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏற வேண்டும். பரீட்சைக்குப் படித்த மாதிரி எல்லாம் தலையில் இருந்தது.

"வீட்டுக்கா, வெளியவா?" என்றார் கடைக்காரர்.

"வீட்டுக்குத்தான். திருடன் வந்தா மூஞ்சியில அடிக்கணும்" என்றாள் பெரியம்மா.

"டார்ச்சாலயா, வெளிச்சத்தாலயா?"

"ரெண்டும் முடியிற மாதிரி காட்டுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஆறு டார்ச்சுகளை எடுத்து வைத்தார். கடையின் பின்னால் சாமான் அடுக்கும் அறை இருந்தது. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. ஒவ்வொன்றையும் அங்கே அடித்துப் பார்த்தோம். கைக்குள் அடங்குகிற சிறிய டார்ச் எனக்குப் பிடித்திருந்தது. பெரியம்மா அதைச் சுவரில் அடித்துக் கண்ணைச் சுருக்கினாள்.

"இது மங்கல்."

"மங்கலா? எதிர்ச் சுவத்துல இருக்கிற ஆணி தெரியுதே பெரியம்மா."

"எந்த ஆணி?" என்றவள், உடனே, "சரி சரி, அடுத்ததைக் காட்டச் சொல்லு" என்றாள்.

அடுத்ததும் மங்கல். அதற்கடுத்தது மஞ்சள். நான்காவது ஓரத்தில் புகை மாதிரி இருக்கிறதாம். கடைக்காரருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கடைசியாக, கையளவு நீளத்தில் கறுப்பாக ஒன்றை எடுத்தார். அழுத்தியதும் அறை வெளுத்துப்போனது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இதான்" என்றாள் பெரியம்மா. அவள் கண் கூசவில்லை. "இதைவிட வெளிச்சமா இருக்கா?"

"இதுக்கு மேல வேணும்னா சூரியனைத்தாம்மா எறக்கணும்." பிறகு அவர் என்னிடம் திரும்பினார். "வீட்டுக்குள்ள இவ்வளவு வேணாம் பாப்பா. வெள்ளச் சுவத்துல பட்டுத் திரும்பினா இவங்களுக்கே ஒண்ணும் தெரியாது. வெளிச்சம் ஜாஸ்தியானா பொருள் தெரியாம வெளிச்சந்தான் தெரியும். அந்த ரெண்டாவது போதும்."

பெரியம்மா என்னைப் பார்த்தாள். "நீ படிச்சவ. நீ சொல்லு."

நான் படித்த பக்கங்களில், டார்ச்சின் வெளிச்ச அளவில் பெரிய எண்தான் நல்ல எண். முகத்தில் அடித்தால் ஆள் சில விநாடி குருடாகிவிடுவான் என்று போட்டிருந்தது. பயந்துபோனவளுக்கு அதிக வெளிச்சம் தேவைப்படுகிறது என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். "இதையே குடுங்க" என்றேன். முட்டைக்குள் முடியளவு நரம்பைப் பார்க்கிற பெண்ணுக்கு எதிர்ச் சுவரின் ஆணி ஏன் தெரியவில்லை என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வி எனக்கு அன்று வரவேயில்லை. வந்து நான் அதைத் தள்ளிவிட்டேனா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து டார்ச்சைக் கயிற்றில் தொங்கவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்லிப் பழக்கினேன்.

"அவன் பின்னாடி போகாத பெரியம்மா. மூஞ்சியில அடி, கத்து, முன்கதவைத் திறந்து வெளிய ஓடு."

"வெளிச்சம் போட்டுட்டு ஓடணுமா? இருபத்தாறு வருசமா வெளிச்சம் போட்டுட்டு உட்கார்ந்தே இருந்தவடி நான்."

"கிண்டல் பண்ணாத."

"சரிங்க டீச்சர்."

நான்கு மாதம் கழித்து, ஒரு சாயங்காலம், சொல்லாமல் போனேன். தெருவிளக்கு இன்னும் போடவில்லை, வீட்டுக்குள்ளும் விளக்கில்லை. முன்கதவு திறந்ததும் டார்ச் வெளிச்சம் முகத்தில் வந்து மோதியது.

"யாரு?"

"நாந்தான்."

"நாந்தான்னா யாரு? பேரச் சொல்லு!"

அவ்வளவு வெளிச்சமும் என் முகத்தில் இருந்தது. நான் மறுபடி "பெரியம்மா" என்ற பிறகுதான் டார்ச் இறங்கியது. என் குரலைத்தான் அடையாளம் கண்டாள். நான் அதைத் திருடன் பயம் என்று எடுத்துக்கொண்டு, "சூப்பர், இப்படித்தான் இருக்கணும்" என்று பாராட்டினேன்.

அவள் டார்ச்சைத் திரும்ப வைத்தது ஆணியில் இல்லை, வேலைக்குக் கொண்டுபோகிற துணிப்பையில். அதன் வாயில் சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக மாட்டியிருந்தாள்.

"இது எதுக்கு?"

"கீழ விழுந்தா கண்ணாடி உடையாதுல்ல."

"பையில ஏன் போடுற?"

"ஷிப்டு முடிஞ்சு வர்ற வழியில இருட்டா இருக்குடி."

ஹேச்சரி கேட்டின் விளக்கிலிருந்து அந்த வீட்டுக்கு நாற்பது அடி. அங்கே பதினைந்து வருடம் வளர்ந்தவள் நான். எனக்கு அது தெரியும். இருட்டறை விளக்கின் ரப்பர் வளையத்தையும் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் மடியில் உட்கார்ந்து அதைக் கடித்து வைத்திருக்கிறேன். அன்று சாப்பிட்டுவிட்டு, என் ஆபீஸ் கதைகளைச் சொல்லிவிட்டுத் தூங்கினேன்.

அடுத்த மாதம் வண்டியம்மா எனக்குப் போன் செய்தார். இருட்டறைக்கு முட்டை வண்டி தள்ளுகிறவர், பெரியம்மாவின் ஒரே சிநேகிதி.

"மெஷின்ல வெடிச்சிருச்சு பாப்பா. ஒண்ணு ரெண்டு இல்ல, பட்டாசு மாதிரி. ஒரு மெஷின் குஞ்சு மொத்தமும் போச்சு. நாத்தம் தாங்கல."

"பெரியம்மா?"

"சூப்பர்வைசர் தம்பி சோதனை வச்சாரு. பத்துல ரெண்டுதான் எடுத்தா. ரெண்டு! நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்னு சாமியெல்லாம் கூப்பிடுறேன். அவரு விளக்கப் போட்டு உள்ள போனா, அவ கையில நம்ம விளக்கே இல்ல. நீ வாங்கிக் குடுத்தியே, அது. 'என்னக்கா இது?'ன்னாரு. அவருக்கு முட்டை பாக்கச் சொல்லிக் குடுத்தவளே இவதான. 'எப்பலருந்துக்கா?'ன்னு கேக்குறாரு. இவ வாளியையே பாத்துட்டு உட்கார்ந்திருக்கா. அப்புறம் நம்ம விளக்கக் குடுத்துப் பாக்கச் சொன்னாரு. அதுல நாலு எடுத்தா. கூடவே ஏழெட்டு நல்ல முட்டையையும் வாளியில போட்டா."

பஸ்ஸில் போகும்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. ஹேச்சரி விளக்கில் அவளுக்கு எல்லா முட்டையும் சாம்பலாகத் தெரிந்திருக்கிறது. என் டார்ச்சில் எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் நரம்பும் கரைந்துபோகும், கறுப்பு வளையமும் கரைந்துபோகும். எல்லா முட்டையும் நல்ல முட்டை. கடைக்காரர் சொன்னதுதான். ஒருவேளை கடையில் நிற்கும்போதே அவள் திருடனை நினைக்கவில்லையோ? திருடனும் உண்மை, பயமும் உண்மை. ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்றுக்கும் சேர்த்துத்தான் அவள் டார்ச் தேர்ந்தெடுத்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றேன் போனதும்.

"சொன்னா? டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவ. லீவுக்கு லெட்டர் கேப்பாங்க. லெட்டர்ல கண்ணுன்னு எழுதியிருக்கும்."

"வைத்தியம் பாத்திருக்கலாம்ல?"

"பாத்திருக்கலாம்." வாதாடாமல் அவள் ஒப்புக்கொண்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. "வெளிச்சம் கொறச்சல்னுதான் நெனச்சேன். கண்ணு கொறச்சல்னு நெனைக்கப் பிடிக்கல."

கண் டாக்டர் அறையை இருட்டாக்கினார். அவர் கையில் பேனா அளவில் ஒரு டார்ச். நான் வாங்கியதில் நூறில் ஒரு பங்கு வெளிச்சம் இருக்காது. பெரியம்மாவின் தாடையைப் பிடித்து, முதலில் ஒரு கண்ணில் அடித்தார், பிறகு மற்றதில். நிதானமாகப் பார்த்தார். அசையாமல் உட்கார்ந்திருந்த பெரியம்மா கேட்டாள்:

"எந்தப் பக்கம் போடப் போறீங்க டாக்டர்? தட்டா, வாளியா?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. நான் சிரிக்க முயன்றேன்.

வலது கண்ணில் புரை, எடுத்துவிடலாம், ஓரளவு தெரியும் என்றார். இடது கண்ணில் நரம்பே போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நுணுக்கமான வேலை எதுவும் இனிமேல் வேண்டாம் என்று கடைசியில் சொன்னார். அதை அவர் லெட்டரில் எழுதவும் தேவையிருக்கவில்லை.

வீட்டைக் காலி செய்ய மாதக் கடைசிவரை தவணை கொடுத்தார்கள். சூப்பர்வைசரே வந்து சாமான் தூக்கினார். எக்ஸ்ரேக்கா என்று கூப்பிட வாயெடுத்து, வெறும் அக்காவோடு நிறுத்திக்கொண்டார். என் ஒற்றை அறைக்கு எது கொள்ளும் என்று பார்த்துப் பார்த்து ஏற்றினோம். டார்ச்சைப் பெரியம்மாவே மடியில் வைத்துக்கொண்டாள். டியூப் வளையத்தைக் கழற்றப் போனேன்.

"இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் ஆகிவிட்டது. கரண்ட் ஃபியூஸை அன்று காலையிலேயே எடுத்துவிட்டார்கள். பின்கதவில் நான் போடச் சொன்ன தாழ்ப்பாளில் பெரிய பூட்டு. அதைத் தானே பூட்டிச் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றாள். நான் டார்ச்சை அடித்தேன். சாவி பூட்டின்மேல் அங்கும் இங்கும் உரசியது. துவாரம் கிடைக்கவில்லை. இடது கை விரலால் தடவிப் பார்த்தாள், சாவியைத் திருப்பிப் பிடித்தாள், மறுபடி உரசினாள்.

"கிட்ட பிடி."

கிட்டே பிடித்தேன். பித்தளைப் பூட்டு வெள்ளையாக எரிந்தது.

"இன்னும் கொஞ்சம் வெளிச்சம் வைடி."

"இதுக்கு மேல இல்ல பெரியம்மா" என்றேன்.